அக்காவின் மாத்திரைப் புட்டி

அக்கா அவன் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டு இழுத்தாள். அவள் விரல்கள் ஐஸ்கட்டிபோல் வயிற்றில் பட்டதும் அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. நாளை ஆணழகன் போட்டி மேடையில் போடவேண்டிய ஜட்டி அது. அவன் இளைக்க இளைக்க, அவளும் அதைப் பிடித்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"தொடையும் கரைஞ்சிடுச்சேடா. கொழுப்பு போனா சரி, சதையும் சேர்ந்துல்ல போகுது." அவள் குரல் சில மாதங்களாகவே கரகரத்துப் போயிருந்தது.

"எல்லாம் டயட்டுக்கா" என்றான்.

ஜிம்மில் அவனைப் பாறை என்று கூப்பிடுவார்கள். ஃபேன் முழு வேகத்தில் ஓடியும் பாறைக்கு வியர்வை ஊற்றியது. அதே அறையில் அக்கா ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு தையல் மிஷின்முன் உட்கார்ந்திருந்தாள். ஒரே வீட்டில் ஒருத்தருக்குக் கோடை, ஒருத்தருக்குக் குளிர். காரணம் தெரிந்த ஆள் ஒருவன்தான்.

அக்காவுக்குத் தைராய்டு சுரப்பது குறைவு. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ஆயுளுக்கும் நிறுத்தக் கூடாது. "அந்த மாத்திரை கொழுப்பை எரிச்சிடும்பா, டாக்டர் குடுக்கிறதுதானே, என்ன ஆயிடப் போகுது" என்று ஜிம் மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னார். மாஸ்டர் சொன்னால் பாறைக்கு அப்பீல் கிடையாது. அலமாரியில் அக்காவின் புட்டி நிறைய மாத்திரை இருந்தது. அத்தனையையும் எடுத்துக்கொண்டு, டயட் காலத்தில் தன் காபிக்குப் போடுகிற இனிப்பு மாத்திரைகளை அதில் நிரப்பிவைத்தான். அதே வெள்ளை, அதே பொடி அளவு. பின்னால் வந்த புட்டிகளுக்கும் இதே கதிதான். அக்கா வாயில் போட்ட கையோடு தண்ணீரை ஊற்றி மடக்கென்று விழுங்குகிறவள். நாக்குக்கு எங்கே தெரியப்போகிறது? போட்டி முடிந்ததும் புதுப்புட்டி வாங்கி வைத்துவிடலாம், அதற்குள் அவள் என்ன கரைந்தா போய்விடுவாள் என்று கணக்குப் போட்டான். மூளையையும் டயட்டில் போட்டுவிட்டான்போலும்.

அக்கா கரையவில்லை, ஊதினாள். முகம் வீங்கியது, முடி கொட்டியது, பகலிலேயே மிஷின்மேல் தலைசாய்த்துத் தூங்கினாள். பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு உறுத்தத்தான் செய்தது. போட்டி முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

"எனக்குத்தான் எந்த மாத்திரையும் கேக்க மாட்டேங்குது" என்றாள் அக்கா, ஊசியில் நூலைக் கோத்தபடி. "ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு டாக்டரே பயந்துட்டாரு. போன வாரம் புதுப்புட்டி வந்துச்சில்ல, அது ரெட்டிப்பு டோஸ். அதுக்கும் ஒண்ணும் அசையல."

அந்தப் புட்டியையும் வந்த அன்றே மாற்றியிருந்தான். மேலே ஒட்டியிருந்த டோஸ் அளவைப் பார்க்கவில்லை. பழைய கணக்குப்படியே நாளுக்கு ஐந்தாறு விழுங்கிக்கொண்டிருந்தான். போதாக்குறைக்கு, தோல் இறுகித் தெரியவேண்டுமென்று நேற்றிலிருந்து தண்ணீரும் குடிக்கவில்லை.

பயத்தாலா மாத்திரையாலா தெரியாது, நெஞ்சு தாறுமாறாக அடிக்கத் தொடங்கியது. ஓடியது, தடுக்கியது, மறுபடி ஓடியது. சுவரைப் பிடிக்கப் போனான். கை சுவரை எட்டவில்லை.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். மார்பெல்லாம் ஒயர். தலைமாட்டுப் பெட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஒண்ணும் இல்ல."

"என்னன்னு தெரியாம நான் எதையாவது குடுத்தா நெஞ்சு நின்னாலும் நின்னுடும். யோசிச்சுச் சொல்லுங்க."

கால்மாட்டில் அக்கா நின்றாள். வந்த அவசரத்தில் ஜட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதில் ஊசி தொங்கியது. சொன்னால் அவள் காதில் விழும். சொல்லாவிட்டால் உயிர் போகும். எது மேல் என்று அந்த மடையன் உண்மையாகவே யோசித்தான்.

"வீட்ல என் தைராய்டு மாத்திரையைத் தவிர ஒண்ணும் கிடையாதும்மா. அதை நான்தான் தவறாம சாப்பிடுறேன்." மறதி கூடிப்போனதிலிருந்து கைப்பையிலேயே வைத்திருந்த புட்டியை அக்கா எடுத்து நீட்டினாள்.

டாக்டரம்மா லேபிளைப் பார்த்தார். அக்காவின் வீங்கிய முகத்தையும் ஸ்வெட்டரையும் பார்த்தார். பிறகு அவன் பக்கம் திரும்பினார்.

"அது மாத்திரை இல்ல" என்றான் அவன். "காபிக்குப் போடற இனிப்பு. அதுல இருந்ததை எல்லாம் நான் சாப்பிட்டுட்டேன்கா. இன்னைக்குக் காலையிலகூட."

டாக்டரம்மா நர்ஸிடம் வேகவேகமாக ஏதோ சொன்னார். கையில் ஊசி ஏறியது. அக்கா புட்டியைத் திறந்து ஒன்றை நாக்கில் வைத்தாள். இந்தத் தடவை தண்ணீர் குடிக்கவில்லை. கரையும்வரை அப்படியே நின்றாள்.

திட்டுவாள் என்று காத்திருந்தான். நாலு அறை விட்டால் தேவலை என்றிருந்தது. வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தையல் கோணலா வருதுன்னு எத்தனை பேரு துணியைத் திருப்பிக் குடுத்தாங்க தெரியுமா" என்றாள் மெதுவாக. "கை போச்சு, கண்ணும் போச்சு, இனிமே நமக்கு இது வராதுன்னு மிஷினை வெலைக்குக் குடுத்துட்டேன்டா. நாளைக்கு வந்து தூக்கிட்டுப் போறாங்க."

கையிலிருந்த ஜட்டியை அவன் காலடியில் வைத்தாள்.

"உன்னோடதுதான் கடைசித் துணின்னு ஆசையாத் தைச்சேன்."