மூச்சு வாங்கும் வேலை

எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனில் முதலில் பி.ஏ. முடித்தவள் நான். அதற்குக் கிடைத்த வேலை, தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர்களிடம் கேள்வி கேட்பது. கேள்விகள் பெங்களூர் டாக்டருடையவை. போன வாரம் மூச்சு வாங்கும்படி எத்தனை நாள் வேலை செய்தாய்? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? நடை எவ்வளவு? மூச்சு வாங்கினால் கடும் வேலை, வாங்காவிட்டால் லேசான வேலை. அவர் கணக்கு அவ்வளவுதான்.

முதலில் மரியகுழந்தை வந்தார். என் நைனாவோடு சேர்ந்து ஒரே டிரில் மிஷினைப் பிடிப்பவர்.

“மூச்சு வாங்குதா மாமா?”

“எனக்கா? இன்னா பாப்பா கேள்வி இது! கீழ போயி ஊஞ்சலாடிட்டு வர்ற மாதிரி கீது.”

சொல்லிவிட்டு வெளியே போய், சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

அடுத்தவரும் அதே பதில்தான். மூச்சு வாங்குகிறது என்று வாய்விட்டால் எக்ஸ்ரேக்கு அனுப்புவார்கள். நெஞ்சில் கல்தூசி தெரிந்தால் சீட்டு கிழியும். வேலையோடு லைன் வீடும் போகும். இது டாக்டருக்குத் தெரியாது. எங்கள் லைனில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும்.

நைனா வந்து எதிரே உட்கார்ந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்குகிற மனுஷன்.

“வேலாயுதம்னு எய்திக்கங்க மேடம்” என்று சிரித்தார்.

“நிஜத்த சொல்லு நைனா.”

“லேசான வேலைதாம்மா. எல்லாமே லேசு.”

“பொய்!”

“எய்துடி. உங்கம்மாவும் தம்பிங்களும் எங்க போவாங்க, ரோட்டுக்கா?”

டாக்டரிடம் நேராகவே போய்ச் சொன்னேன்.

“பயந்து பொய் சொல்றாங்க சார். உங்க கணக்குல டிரில் பிடிக்கிறவர விட நான் அதிகமா உழைக்கிறேன்!”

அவர் பேனாவைத் திறந்தார். “அப்படியா? யார் யாருன்னு பேர் சொல்லும்மா. எக்ஸ்ரேக்கு எழுதிடறேன்.”

மேடையேறிப் பேசிப் பரிசு வாங்கிய வாய் என்னுடையது. “பேரெல்லாம் ஞாபகமில்ல சார்” என்றது.

அடுத்த மாதம் டைம் ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். டிரில் வேலை லேசானது என்று டாக்டரின் கணக்கில் தெரியவந்திருப்பதால் இனி மிஷினுக்கு ஓர் ஆள் போதுமாம். மரியகுழந்தையைச் சுரங்கத்தில் வேறு ஆழத்து லெவலுக்கு மாற்றிவிட்டார்கள். நைனாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன்.

“ஒத்த ஆளா?” என்றார். பிறகு, “இப்ப போயி மூச்சு வாங்குதுன்னு சொன்னா?”

“அப்பவும் எக்ஸ்ரேதான், நைனா.”

திங்கட்கிழமை காலை சங்கு ஊதியது. ஆட்களைக் கீழே இறக்கும் கேஜுக்குப் போகும் மேட்டில் நைனா நின்று நின்று ஏறினார். யாராவது கடந்து போனால், பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டார்.

அவர் போட்டிருந்தது ரப்பர் பூட்ஸ். அதில் கயிறே கிடையாது.