ஈரல் செல்களின் விருப்ப ஓய்வு

மூன்றாம் மாடி ஆய்வகத்தில் வளர்ந்துகொண்டிருந்த ஈரல் செல்கள், பணியாளர் மனநிறைவு பற்றிய நாற்பது கேள்விகளுக்கும் பதில் எழுதி வைத்திருந்தது ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்குத் தெரியவந்தது. எல்லா டிக்குகளும் இளஞ்சிவப்பு நிறத்தில் இருந்தன. செல்களுக்கு ஊட்டும் திரவத்தின் நிறம் அது. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, ஒரு டிக்கூடக் கட்டத்தைத் தாண்டவில்லை. அதே படிவத்தை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஊழியர்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் கொடுத்ததில் பதினொன்றுதான் திரும்பி வந்திருந்தது. அதிலும் ஒன்றில் யாரோ கையிலிருந்த எண்ணெயைத் துடைத்திருந்தார்கள்.

படிவம் அங்கே போனதற்குக் காரணம் கரையான். அந்தக் கட்டடத்தின் முதல் மாடியில் வணிகவியல், இரண்டாம் மாடியில் மருத்துவம், மூன்றாம் மாடியில் செல் உயிரியல். முதல் மாடியில் வைத்த எந்தக் காகிதமும் ஒரு மாதம் தாங்காது என்பதால், வணிகவியல் பேராசிரியர் தன் படிவக் கட்டுகளை மூன்றாம் மாடி செல் அறையின் இரும்பு அலமாரியில் அடுக்கி வைப்பது வழக்கம். வாழ்நாளில் எதைப் பார்த்தாலும் படிவம் நீட்டியதால் அவருக்கு சர்வே சார் என்று பெயர். செல் அறையைப் பார்த்துக்கொண்டவள் பத்தொன்பது வருடமாக அங்கே வேலை செய்யும் ஒரு பெண். இயக்குநர் உட்பட எல்லோருக்கும் அவள் அக்கா. ஒருமுறை ஒரு தட்டின் சாப்பாட்டு அட்டவணை இன்னொரு தட்டுக்குப் போய்ப் பெரிய ரகளை ஆனதிலிருந்து, எந்தத் தட்டின் அட்டவணையையும் அந்தத் தட்டுக்கு அடியிலேயே செருகி வைப்பது அவளாக ஏற்படுத்திக்கொண்ட முறை. அட்டவணையிலும் கட்டங்கள், படிவத்திலும் கட்டங்கள். செவ்வாய்க்கிழமை அவள் கண்ணாடி பழுது பார்க்கப் போயிருந்தது. இருபத்தேழாம் எண் தட்டின் அடியில் கையை விட்டு எதைச் செருகினாளோ, அதைத்தான் செல்கள் பூர்த்தி செய்தன.

சர்வே சார் இதில் ஆச்சரியப்படவில்லை. முதல் பக்கத்தில் ஒப்புதல் கையெழுத்து இல்லாததை மட்டும் குறையாகச் சொன்னார். மற்றபடி அது அவருடைய பணிக்காலத்தில் வந்த மிகச் சிறந்த பதில். உணவு நேரத்துக்குக் கிடைக்கிறது என்பதற்கு முழு மதிப்பெண். அறையின் வெப்பத்துக்கு முழு மதிப்பெண். நேரடி மேலதிகாரி யார் என்ற பதினேழாம் கேள்விக்கு ‘அக்கா’ என்று எழுதியிருந்தது. கடைசியில், வேறு கருத்துகள் இருந்தால் எழுதவும் என்ற இடத்தில், ‘யாரும் நிறுத்தச் சொல்லவில்லை’ என்று ஒரு வரி.

பத்துப் பிரதி எடுக்க அந்தப் படிவம் எதிர்க் கடைக்குப் போனது. எதிர்க் கடை ஜெராக்ஸம்மாவுடையது. நிறுவனத்தின் மூன்று மாடிகளும் கண்டுபிடித்த எதுவும் அவள் கண்ணில் படாமல் வெளியுலகத்துக்குப் போனதில்லை. பிரதி எடுக்கும்போதே படித்துவிடுவாள், படித்ததை நம்பிவிடுவாள். இடது பக்கம் படுத்தால் செரிமானம் நல்லது என்று ஒரு கட்டுரை வந்த பிறகு அவள் வலது பக்கம் திரும்பியதில்லை. வாடிக்கையாளரை மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப வருவார் என்று முதல் மாடி சொன்னதிலிருந்து, கடைக்கு வந்தவர்கள் தங்கள் பெயரைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். அப்படிப்பட்டவள் அன்று படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் கையை நிறுத்தினாள். டிக்குகள் எல்லாம் தலைகீழாக, நீளக் கோட்டில் தொடங்கிக் குட்டைக் கோட்டில் முடிந்திருந்தன. இடது கைக்காரர்களிலும் ஆயிரத்தில் ஒருவர்தான் அப்படிப் போடுவார். அந்த ஒருவர் அவளுடைய கடையின் பாதியைப் பூட்டுக் கடையாக்கிக்கொண்டு, ஒரு சாவியை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்.

அவள் நேராக இரண்டாம் மாடிக்குப் படியேறிப் போய் ஈரல் டாக்டரின் மேசையில் படிவத்தை வைத்தாள்.

“டாக்டர், இது எங்க வீட்டுக்காரர் டிக். இருபத்தெட்டு வருஷமா மளிகைச் சீட்டுல பார்க்கிறேன்.”

“செல் எல்லாம் எழுதாதும்மா.”

“எழுதியிருக்கே.”

டாக்டர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். பத்தொன்பது வருடங்களுக்கு முன் அவள் கணவரான பூட்டுக்காரரின் ஈரலிலிருந்து அவரே வெட்டியெடுத்த கட்டியின் ஒரு துணுக்குதான், அவர் சம்மதத்தோடு மேல்மாடிக்குப் போய் இருபத்தேழாம் எண் ஆகியிருந்தது. ஜெராக்ஸம்மாவுக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன் அதே ஈரலில் அதே மாதிரி ஒரு கட்டி திரும்ப முளைத்திருந்தது. எலுமிச்சை அளவு. பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருந்ததால் இந்த முறை கத்தி வைக்க முடியாது, மருந்தும் கேட்கவில்லை. வருஷக் கடைசியைத் தாண்டுவது கஷ்டம் என்பதை டாக்டர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

“யாரும் நிறுத்தச் சொல்லலியாம். அப்ப சொல்லிட்டா நின்னுடும்தானே?” என்று கேட்டாள் ஜெராக்ஸம்மா.

லிப்ட் யாருடையது என்ற தகராறுக்குப் பிறகு பதினான்கு வருடங்களாகச் சேர்ந்து உட்காராத மூன்று துறைகளும் அந்த வாரம் சேர்ந்து உட்கார்ந்தன. கேட்காமல் வளர்ந்துகொண்டே போகும் ஊழியர்களைச் சமாளிக்க வணிகவியலில் ஒரே ஒரு வழிதான் உண்டு, விருப்ப ஓய்வு என்றார் சர்வே சார். அன்றே ஆணை தயாரானது. தங்களின் பத்தொன்பது ஆண்டு இடையறாத வளர்ச்சியைப் பாராட்டி, இன்று மாலை ஐந்து மணி முதல் தங்களைப் பெருகும் பணியிலிருந்து விடுவிக்கிறோம் என்று எழுதி, இயக்குநர் கையெழுத்துப் போட்டார். அக்கா தன் வழக்கப்படி மூலையில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டுத் தட்டின் அடியில் செருகினாள். சரியாக ஐந்து மணிக்கு, இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தவை மட்டும் அந்த வேலையை முடித்துக்கொண்டன. பிறகு எல்லாம் தட்டின் ஓரமாக வரிசையில் அமர்ந்தன. இனி தனக்கு என்ன வேலை என்று அக்காவுக்குக் கண் கலங்கியது. ஆனால் மறுநாள் பத்தரைக்குத் திரவத்தை ஊற்றியபோது ஓய்வுபெற்றவை முன்பைவிட நன்றாகவே சாப்பிட்டன.

வயிற்றில் இருந்த கட்டியோ ஆணையை மதிக்கவில்லை. ஆணையைப் பூட்டுக்காரரின் சட்டைக்குள் வைத்துப் பார்த்தார்கள். ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தை அவர் வயிற்றில் வைத்து, காதில் மாட்டும் முனைகளில் இயக்குநர் வாயை வைத்து ஆணையை இரண்டு முறை உரக்க வாசித்தார். கூச்சமாக இருக்கிறது என்றார் பூட்டுக்காரர். எலுமிச்சை சாத்துக்குடி ஆனது. அவருடைய முகம் மஞ்சளாகி, ஒரு பூட்டைத் திறக்க இரண்டு தடவை உட்கார வேண்டியிருந்தது.

சர்வே செய்யாமல் ஆணை போட்டதுதான் தவறு என்று சர்வே சார் ஒத்துக்கொண்டார். ஒரு மத்தியானம் டாக்டரின் அறைக் கட்டிலில் பூட்டுக்காரரைப் படுக்க வைத்து, ஒரு வெற்றுப் படிவத்தை வயிற்றின் மேல் வைத்து இடுப்பு வாரால் கட்டினார்கள். அவர் ஒரு மணி நேரம் தூங்கினார். படிவத்தில் மசி எதுவும் இல்லை. டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்தபோதுதான் வியர்வையால் போட்ட டிக்குகள் தெரிந்தன, எல்லாம் தலைகீழாக. பதினேழாம் கேள்வியில், நேரடி மேலதிகாரி யார் என்ற இடத்தில், ‘அவ’ என்று மட்டும் இருந்தது.

“முழுசா எழுதலையே. ‘அவ’ன்னா யாரு? பதவி வேணும், துறை வேணும்” என்று சர்வே சார் குறைப்பட்டுக்கொண்டார்.

ஜெராக்ஸம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

இதைப் புரிந்துகொள்ளப் பூட்டுக்காரரின் சுபாவம் தெரிய வேண்டும். அவருக்கு எதையும் தானாக நிறுத்தத் தெரியாது. அரத்தை எடுத்தால் சாவி ஊசியாகும் வரை ராவுவார். தட்டில் விழுகிறவரை சாப்பிடுவார். டீயில் சர்க்கரையைக் கலக்க ஆரம்பித்தால் டீ ஆறிப்போன பிறகும் கரண்டி சுற்றிக்கொண்டிருக்கும். கல்யாணமான நாளிலிருந்து, “போதும்” என்று அவள் சொல்லித்தான் அவர் ஒவ்வொன்றையும் விட்டார். ஒரு நாளைக்கு அறுபது எழுபது ‘போதும்’ அந்தத் தெருவில் கேட்கும். அது எட்டு மாதங்களுக்கு முன் நின்றுபோனது. மனைவியர் கணவர்களைக் கட்டுப்படுத்திப் பேசுவது கணவர்களின் ரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது என்று இரண்டாம் மாடியிலிருந்து ஒரு கட்டுரை பிரதி எடுக்க வந்தது. அவள் படித்தாள், நம்பினாள். அன்றிலிருந்து அவரை ஒரு வார்த்தை தடுக்கவில்லை. எட்டு மாதங்களில் அவர் நானூறு சாவிகளை ஊசியாக்கியிருந்தார். சட்டை இரண்டு அளவு பெரிதாகி, பிறகு நோயால் மூன்று அளவு சிறிதாகியிருந்தது.

அவள் இதைச் சொன்னபோது ஈரல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அது பதினாலு புருஷனுங்களை வச்சு செஞ்சதும்மா. உறுதியா எதையும் சொல்ல முடியாதுன்னு அஞ்சாம் பக்கத்துல எழுதியிருந்தேனே.”

“அஞ்சாம் பக்கம் எடுக்கும்போது கடையில கூட்டம்” என்றாள் அவள்.

கட்டிலில் பூட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்திருந்தார். கையில் டாக்டரின் மேசைச் சாவி எப்படியோ வந்திருந்தது, அதைக் கட்டில் கம்பியில் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தாள். சர்வே சார் ஆணையின் நகலை நீட்டினார், அவள் வாங்கவில்லை. வாயைத் திறந்தவள் ஒருமுறை மூடிக்கொண்டாள். எட்டு மாதமாகச் சொல்லாத வார்த்தை. இதுவும் பலிக்கவில்லை என்றால் அப்புறம் சொல்ல ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு வீட்டில் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தும்போது சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

“போதும். எந்திரிச்சுக் கை கழுவுங்க.”

பூட்டுக்காரர் சாவியைக் கீழே வைத்தார். தேய்த்த அதிர்வில் மேசையில் கலங்கிக்கொண்டிருந்த டாக்டரின் டீயும் அசையாமல் நின்றது. “கழுவறேன்” என்று அவர் வயிற்றுப் பக்கமிருந்து குரல் வந்தது. அவர் வாய் திறந்ததாக டாக்டருக்கு நினைவில்லை.

அடுத்த மாதம் ஸ்கேனில் சாத்துக்குடி சாத்துக்குடியாகவே இருந்தது. அதற்கடுத்த மாதம் எலுமிச்சை. வருஷக் கடைசியில் பட்டாணி அளவுக்கு வந்து, அதற்குமேல் குறையவில்லை. ஓய்வுபெற்ற ஒருவருக்கு இருக்க ஓர் இடம் வேண்டுமே என்று டாக்டர் அதை விட்டுவிட்டார். காலையில் அது ஈரலின் வலது ஓரம் வரை மெதுவாகப் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பூட்டுக்காரரும் தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறார். இதைப் பற்றிய கட்டுரை வெளியானபோது சர்வே சாரின் பெயர் முதலில் இருந்தது, டாக்டரின் பெயர் இரண்டாவது, அக்காவின் பெயர் மூன்றாவது, இருபத்தேழாம் எண் நான்காவது. தன் பெயர் வேண்டாம் என்ற ஜெராக்ஸம்மா, எத்தனை பேரை வைத்துச் செய்தது என்ற விவரம் மட்டும் முதல் பக்கத்தில் வர வேண்டும் என்றாள். ஒருவர் என்று முதல் வரியிலேயே இருக்கிறது.

வெளியூரிலிருந்தெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளைத் தேடி வந்தார்கள். தங்களையும் பார்த்து ஒருமுறை சொல்லச் சொன்னார்கள். தான் அவர்களுடைய மேலதிகாரி இல்லை என்று விளக்கி, ஆளுக்கொரு வெற்றுப் படிவம் கொடுத்து, பதினேழாம் கேள்வியைப் பார்க்கச் சொல்லி அனுப்புகிறாள். சிலருக்கு அம்மா பெயர் வந்தது, ஒருவருக்கு வேலையை விட்டுப்போன பழைய மேனேஜர் பெயர் வந்து, அவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

தெருவில் மறுபடியும் நாளுக்கு அறுபது எழுபது ‘போதும்’ கேட்கிறது. அது மூன்றாம் மாடி வரை எட்டுவதால், இருபத்தேழாம் எண் தட்டு சாப்பாட்டின் பாதியிலேயே நிறுத்திவிடுகிறது என்று அக்கா ஒருநாள் கடைக்கு வந்து சொன்னாள். அதனால் காலை பத்தரையிலிருந்து பத்தே முக்கால் வரை மட்டும் ஜெராக்ஸம்மா அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. எழுந்து போய்க் கணவர் கையிலிருந்து அரத்தை வாங்கி வைத்துவிடுகிறாள்.