மூன்றாவது முடிச்சு

கொல்லையில் வாழைக்கன்றைக் கிழங்கோடு பெயர்க்கும் சத்தம் கேட்டபோது, பிரகதீஸ்வரி அண்ணனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டிய துணி வழியிலேயே தளர்ந்துவிட்டிருந்தது. கட்டியதை ஒரு தடவை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். எதையும் இரண்டு தடவை செய்தால்தான் அவளுக்கு நம்பிக்கை வரும்.

"இலை கிழியாத கன்னாப் பாருடா" என்று பெரியப்பா நாகநாதன் கொல்லைப்பக்கம் பார்த்துக் கத்தினார்.

"கன்னு எதுக்குப் பெரியப்பா?"

"கல்யாணமாகாத ஆம்பளைய அப்படியே கொண்டுபோய் எரிக்கக் கூடாதும்மா. வாழைக்குத் தாலி கட்ட வச்சுத்தான் எடுக்கணும். நம்ம வகையறா வழக்கம். மூணாவது முடிச்சு தங்கச்சி போடணும். தலைக்கு ஊத்திக்கிட்டு வா."

பந்தலில் உட்கார்ந்திருந்த யாரோ, "பொண்ணு வீட்ல சம்மதம் கேட்டாச்சாப்பா?" என்றார். இரண்டு பேர் சிரித்து, சட்டென்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பிரகதீஸ்வரி வாசலைப் பார்த்தாள். பந்தலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் கயல்விழி நின்றிருந்தாள். பக்கத்தில் அவளோடு வேலை பார்க்கும் ஷமீரா, ஸ்கூட்டியில் சாய்ந்தபடி. காலை ஏழு மணிக்கு வந்தவர்கள். வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

முந்தாநாள் சாயங்காலம் பைபாஸில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் மோதியதும் அண்ணன் சூர்யபிரகாஷை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது கயல்விழிதான். பிணவறை வாசலில், "நீங்க யாரு?" என்று கேட்டார்கள். "ஒரே வீட்ல இருக்கோம்" என்றாள். "அது உறவு இல்லையேம்மா. சொந்தக்காரங்க யாரையாவது வரச் சொல்லுங்க." பட்டுக்கோட்டையிலிருந்து பிரகதீஸ்வரி வந்து கையெழுத்துப் போட்டாள். உறவு என்று இருந்த இடத்தில் தங்கை என்று எழுதும்போது கயல்விழி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை எப்படிக் கூப்பிடுவது என்று பிரகதீஸ்வரிக்கு நாலு மாதமாகத் தெரியவில்லை. பெயர் சொன்னால் மரியாதை இல்லை. அண்ணி என்றால் அம்மாவுக்குத் துரோகம். அதனால் "வந்து..." என்றுதான் எந்தப் பேச்சையும் ஆரம்பிப்பாள்.

வைகாசியில் அண்ணனும் கயல்விழியும் தஞ்சாவூரில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். இரண்டு குடும்பமும் இறங்கி வரட்டும், கல்யாணத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் சொன்னான். நாகப்பட்டினத்தில் அவள் வீட்டில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இங்கே அம்மா ராஜாத்தி போனை எடுப்பதை நிறுத்தினாள். அண்ணன் தங்கைக்கு மட்டும் போன் செய்தான்.

"நீதான் பாப்பா வந்து பால் காய்ச்சணும். கூடப்பொறந்தவ இல்லாம எப்படி?"

பிரகதீஸ்வரி ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். குத்துவிளக்கு கொடுக்கலாமா? குங்குமச்சிமிழ்? தாலி ஏறாதவளுக்குப் புடவை வைத்துக் கொடுத்தால் அதற்கு என்ன அர்த்தம்? பரிசின் மேல் ஒரு பெயரா, இரண்டு பெயரா? மூன்று பேரிடம் கேட்டாள். மூன்று பேரும் வேறு வேறு சொன்னார்கள். அம்மா மட்டும் தெளிவாக இருந்தாள்.

"நீ போய்ப் பாலக் காய்ச்சினா, நாம ஒத்துக்கிட்டோம்னு ஆயிடும்."

பால் காய்ச்சும் நாள் காலை ஆறு மணிக்கு அண்ணனைக் கூப்பிட்டு, "எனக்குத் தீட்டுண்ணே, வர முடியல" என்றாள்.

"இந்த வீட்ல அதெல்லாம் பாக்கறதில்ல பாப்பா. நீ வா."

அவள் போகவில்லை. தீட்டும் இல்லை. கடையில் சொல்லி ஒரு குக்கரை அனுப்பிவைத்தாள். 'அன்பு அண்ணனுக்கு' என்று மட்டும் எழுதச் சொன்னாள்.

இப்போது குளிக்கப் போகாமல் வாசலுக்குப் போனாள்.

"வந்து... காப்பி குடிச்சீங்களா?"

கயல்விழி மரத்தடியிலிருந்து ஓரடி முன்னால் வந்தாள். "ஒரு பிடி வாய்க்கரிசி போடணும். வேற எதுவும் வேணாம். போட்டதும் போயிடுறேன்."

"கேட்டுப் பாக்கறேன்."

"கேட்டுப் பாப்பாங்களாம்" என்றாள் ஷமீரா. "வாழை மரத்துக்கு யாரையும் கேக்காம எடம் கெடைக்குது."

"நீ சும்மா இரு ஷமீரா." கயல்விழி பிரகதீஸ்வரியின் முகத்தை நேராகப் பார்த்தாள். "பால் காய்ச்சின அன்னைக்கு ஏழரைக்குள்ள நல்ல நேரம். ஒம்பதரை வரைக்கும் அடுப்பப் பத்தவைக்க விடல உங்க அண்ணன். தங்கச்சி எப்படியும் வந்துடுவான்னு மாடிப்படியிலயே உக்காந்திருந்தாங்க. அப்புறம் நானேதான் பொங்க விட்டேன்."

பிரகதீஸ்வரி தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினோம் என்று தெரியாமல் உள்ளே வந்தாள்.

பெரியப்பா கேட்டுக்கொண்டு சற்று நேரம் மீசையைத் தடவினார். "இவ்வளவு சனம் பாக்குது. யாருன்னு சொல்லி உள்ள விடறது?"

"ஒரு பிடி அரிசி பெரியப்பா. அவ்வளவுதான் கேக்கறாங்க."

அம்மா முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள்.

"சரி. முதல்ல நீ உன் முறையச் செய். அது முடியட்டும். அந்தப் பொண்ணு வரலாம். நான் பொறுப்பு."

பிரகதீஸ்வரி தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரக்கூந்தலோடு வந்தாள். கன்றுக்கு மஞ்சள் துணி சுற்றிப் பொட்டு வைத்திருந்தார்கள். அதன் வேரில் இன்னும் சேறு ஒட்டியிருந்தது. பெரியப்பா அண்ணனின் விறைத்த கையைப் பிடித்துக் கயிற்றைத் தொடவைத்து, இரண்டு முடிச்சை அவரே போட்டார். பறை நின்றது.

"ம். போடும்மா."

மஞ்சள் தண்ணீரில் நனைந்த கயிறு வழுக்கியது. முதல் தடவை முடிச்சு நிற்கவில்லை. வாசல் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். கயல்விழி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு பிடி அரிசிக்காகத்தான் இது என்று பிரகதீஸ்வரி தனக்குள் சொல்லிக்கொண்டாள். அவளுக்கே அது முழுதாக நம்பும்படி இல்லை. கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். பழக்கத்தில், அதன் மேலேயே இன்னொரு தடவையும் போட்டாள்.

"நல்லா இறுக்கிப் போட்டிருக்கு பொண்ணு" என்றாள் ஒரு கிழவி.

பெரியப்பா அரிவாளால் கன்றை இரண்டாக வெட்டிக் கொல்லைப்பக்கம் வீசச் சொன்னார். அண்ணனுக்குக் கல்யாணமும் முடிந்து, பெண்டாட்டியும் போய்விட்டாள். பறை மறுபடியும் எழுந்தது.

அரிசித் தாம்பாளத்தைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார்கள். பெரியப்பா முறை சொல்லிக் கூப்பிட்டார்.

"அம்மா வாங்க. தங்கச்சி வா. அத்தை முறை, வாங்க. சித்தி முறை யாரு? மாமி முறை... வாங்க, வாங்க, நேரமாகுது."

ஒவ்வொருத்தராகச் சுற்றிவந்து போட்டார்கள். பிரகதீஸ்வரி தன் முறையை முடித்துவிட்டுப் பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். சொன்ன சொல்லை மீறவில்லை. வாசலைப் பார்க்காமல், பொதுவாக, உரக்கச் சொன்னார்.

"தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா வந்து போட்டுடுங்க."

யாரும் அசையவில்லை. கயல்விழி பந்தல்காலை விட்டாள். இரண்டடி எடுத்துவைத்து நின்றாள். எல்லார் தலையும் திரும்பியது. அவள் பிரகதீஸ்வரியைப் பார்த்தாள்.

ஒரே ஒரு சொல். நாலெழுத்துகூட இல்லை. பிரகதீஸ்வரியின் நாக்கு நுனிவரை அது வந்தது. அம்மாவின் முந்தானை அசைந்தது.

"வந்து... வாங்க" என்றாள்.

கயல்விழி வந்தாள். தாம்பாளத்தில் குனிந்து அரிசியை அள்ளினாள். சுற்றவில்லை. அவன் உதட்டுக்கருகே கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். உதட்டோரம் ஒட்டியிருந்த மற்றவர்களின் அரிசியை விரலால் ஒதுக்கிவிட்டு, தன்னுடையதைப் போட்டாள்.

"ஆச்சா? தூக்குங்கப்பா" என்றார் பெரியப்பா.

பாடை எழுந்தபோது பெண்கள் அலறினார்கள். அம்மா மண்ணில் சாய்ந்தாள். அவளைத் தாங்கிப் பிடித்தபடி பிரகதீஸ்வரி தெருவைப் பார்த்தாள். சனம் ஆற்றங்கரைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஸ்கூட்டி எதிர்ப்பக்கம் திரும்பி, நடவு முடிந்த வயல்களுக்கு நடுவே வாய்க்கால் கரையில் போனது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் ஒரு கையால்தான் ஷமீராவைப் பிடித்திருந்தாள். மடிமேல் இருந்த, அரிசி அள்ளிய கை மூடியே இருந்தது.