எத்தனை தோட்டா போதும்

இராக்கில் சண்டை வரப்போகிறது என்று டி.வி.யில் சொல்ல ஆரம்பித்ததும் ஓமானில் சோஹார் வட்டாரத்தில் எல்லோரும் தண்ணீர் பாட்டிலும் அரிசி மூட்டையுமாக வாங்கி அடுக்கினார்கள். மஹ்மூதுக்கு மட்டும் வேறு கவலை. தன் கையிலிருக்கும் தோட்டா போதுமா, போதாதா?

மஹ்மூது என்றால் இன்பமணி குடியிருந்த வீட்டின் ஓனர்; எல்லோருக்கும் 'அர்பாப்', அதாவது முதலாளி. ஊருக்கு வெளியே, மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு பேரீச்சந்தோட்டம். அதன் மூலையில் இருந்த இரண்டு அறைகளில் இன்பமணியும் அவள் புருஷன் செல்வசிங்கும் இருந்தார்கள். இருவருக்கும் குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவ வார்டு. அவன் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த துறைமுகத்தில் எலக்ட்ரீசியன்.

மஹ்மூதிடம் அவர் வாப்பா காலத்துத் துப்பாக்கி ஒன்று இருந்தது. லைசென்ஸ் உண்டு. தோட்டாக்கள் மரப்பெட்டி மரப்பெட்டியாக, பேரீச்சம்பழம் அடுக்கும் இருட்டறையில் கிடந்தன. வாப்பா வைத்துவிட்டுப் போனவை, மஸ்கட்டில் வாங்கியவை, யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்தவை. சாயங்காலமானால் காவா என்கிற அரபிக் காப்பியைக் குடித்துக்கொண்டே எதிரில் வருகிறவனையெல்லாம் உட்கார வைத்து அந்த ஒரே கேள்வியைக் கேட்பார்.

அவர் பேசுவது பாதி ஹிந்தி, பாதி அரபி. தோட்ட வேலைக்கு இருந்த நாகலிங்கத்திடமிருந்து ஒரே ஒரு தமிழ் வார்த்தை கற்றிருந்தார். "பத்தாது." தண்ணீர் விட்டாலும் பத்தாது, உரம் வைத்தாலும் பத்தாது என்று நாகலிங்கம் புலம்பிப் புலம்பி அது அவர் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

"செல்வா பாய், நீ படிச்ச ஆளு. ஒரு வீட்டுக்கு எத்தனை தோட்டா வேணும்?"

"அர்பாப், சண்டை எங்கயோ நடக்கப்போவுது. உங்க பேரீச்சம்பழத்துக்கா அமெரிக்காக்காரன் வருவான்?"

"குவைத்துல இருந்தவனும் அப்படித்தான் சொன்னான்."

"இருக்குற பெட்டியே ஒரு பட்டாளத்துக்குக் காணும்."

மஹ்மூது தலையை ஆட்டினார். "பத்தாது."

அறைக்குள் வந்ததும் செல்வசிங் சிரித்து உருண்டான். இன்பமணிக்கும் சிரிப்புதான். ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு வெள்ளிக்கிழமையோடு நின்றுபோனது.

மஹ்மூதின் ஒரே மகள் ஷம்சா தலைப்பிரசவத்துக்கு வாப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் புருஷனுக்கு சலாலாவில் ராணுவ வேலை. அந்த வெள்ளிக்கிழமை இன்பமணி அவளுக்கு பி.பி. பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, மஹ்மூது மருதாணிச் செடிக்குப் பக்கத்தில் நின்றார்.

"சிஸ்டர், என் மகள் நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா அர்பாப். பயப்பட ஒண்ணுமில்லை."

அவர் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினார். அங்கேதான் வாதி. வருஷம் முழுக்க வெறும் கூழாங்கல்லாகக் கிடக்கும் ஆறு. மலையில் ஒரு பாட்டம் மழை பெய்தால் அரைமணியில் பொங்கி வந்து தோட்டத்தையும் ஊரையும் இரண்டாகப் பிரித்துவிடும்.

"இவளுக்கு மூணு வயசு. இவ உம்மாவுக்கு ரெண்டாவது பிரசவம். வாதியில வெள்ளம். ரத்தம் நிக்கவே இல்லை. நான் அங்க நின்னு சுட்டேன். கையில அஞ்சு தோட்டாதான். அந்தக் கரையில இருந்தவங்க கல்யாண வெடின்னு நினைச்சு, திருப்பிச் சுட்டு வாழ்த்துச் சொன்னாங்க. அதுக்குப் பிறகு சுட என்கிட்ட ஒண்ணுமில்லை."

அவர் சண்டைக்காகச் சேர்க்கவில்லை என்பது இன்பமணிக்கு விளங்கியது. டி.வி.யில் சண்டை வந்தது அவருக்கு ஒரு சாக்கு.

"அப்புறம் நான் அந்தக் கரையில வீடு வீடா போய்ச் சொன்னேன். சடசடன்னு கேட்டா கல்யாணம். இடைவெளி விட்டு மூணு கேட்டா ஆபத்து, ஓடி வாங்கன்னு. இன்னும் வருஷா வருஷம் சொல்றேன்."

அன்று இரவு சாப்பிடும்போது அவள் இதைச் செல்வசிங்கிடம் சொன்னாள். அவன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டான்.

"நான் வேற அந்த மனுசனைக் கேலி பண்ணிட்டுத் திரிஞ்சேனே பிள்ளே."

"இனி அவரு கேட்டா, 'வாங்குங்க அர்பாப், நல்லா வாங்குங்க'ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

ஏப்ரல் பிறந்தது. சண்டை முடிகிற மாதிரி டி.வி.யில் தெரிந்தது. மஹ்மூதும் கொஞ்சம் தெளிந்தார். அப்போது பார்த்து மலைக்கு மேல் வானம் கறுத்தது.

இன்பமணிக்கு அன்று ஆஃப். செல்வசிங் நைட் டூட்டிக்குப் போயிருந்தான். விடியற்காலையிலிருந்து மழை ஊற்றோ ஊற்று என்று ஊற்றியது. காலையில் வாதி இரைந்தது, ஊர்க்கடல் ஆனி ஆடியில் இரைகிற மாதிரி. போனை எடுத்துப் பார்த்தாள். சத்தமே இல்லை. மொபைலுக்கு அந்தப் பள்ளத்தில் எப்போதுமே சிக்னல் கிடையாது.

நாகலிங்கம் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார்.

"சிஸ்டர், வாங்க! அந்தப் புள்ளைக்கு வலி வந்துருச்சு. ராத்திரியே வந்துருச்சாம், அப்பாரு பயப்படுவாருன்னு வாயே தெறக்கலையாம்!"

இன்பமணி பையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் ஓடினாள். ஷம்சாவைப் பார்த்ததுமே நேரம் நெருங்கிவிட்டது என்று தெரிந்தது. வெந்நீர் வைக்கச் சொன்னாள். சுத்தமான துணி கேட்டாள். மஹ்மூதை வராந்தாவில் உட்கார வைத்தாள். வார்டில் எத்தனையோ பிரசவம் பார்த்தவள்தான். அங்கே கூப்பிட்ட குரலுக்கு டாக்டர் வருவார். இங்கே அவளும் மாதாவும் மட்டும்.

"சிஸ்டர், என்னால முடியாது" என்றாள் ஷம்சா.

"முடியும். ராத்திரி பூரா சத்தமில்லாம தாங்கின இல்ல? இப்ப சத்தம் போட்டுத் தாங்கு. நல்லாக் கத்து. மழையில யாருக்குக் கேக்கப்போவுது?"

ஷம்சா கத்தினாள். மத்தியானம் சாய்கிற நேரத்தில் குழந்தை பிறந்தது. பெண். பிறந்த கையோடு வீடு அதிர அழுதது. வராந்தாவில் மஹ்மூது அல்லாவைக் கூப்பிடுவதும் நாகலிங்கம் முருகனைக் கூப்பிடுவதும் ஒன்றாகக் கேட்டன.

நஞ்சுக்கொடியும் முழுசாக விழுந்தது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை.

இன்பமணி குழந்தையைத் தாய் மார்பில் போட்டுவிட்டு அடிவயிற்றைக் கையால் அழுத்தித் தேய்த்தாள். கைக்கடியில் கர்ப்பப்பை இறுகும், மறுபடி தளரும். ஒரு ஊசி போட்டால் போதும். அந்த ஊசி ஹெல்த் சென்டரில் இருக்கிறது, வெள்ளத்துக்கு அந்தப் பக்கம்.

"அர்பாப்!" என்று கதவுக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். "பயப்படாதீங்க. எனக்கு மருந்து வேணும். அந்தக் கரைக்குச் சொல்லணும்."

அவர் உறைந்துபோய் நிற்பார் என்று அவளுக்குத் தெரியும். "அர்பாப், யல்லா, சீக்கிரம்! இந்தத் தடவை நான் இருக்கேன். நீங்க சுடுங்க!"

காலடிச் சத்தம் ஓடியது. அவள் தேய்த்தபடியே காதைத் தீட்டிக்கொண்டாள்.

ட்டிக்.

வெடிக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி, ட்டிக். நாகலிங்கத்தின் குரல்: "வேற பெட்டி எடுத்தாறேன், இருங்க!" ஓட்டம். பெட்டி உடைக்கிற சத்தம். ட்டிக். ட்டிக்.

வருஷக்கணக்காகப் பேரீச்சம்பழப் பாகு வடிகிற அறையில் கிடந்த தோட்டாக்கள். ஈரமும் பிசுக்கும் ஏறி, எல்லாம் செத்துப்போயிருந்தன.

"இது தோட்டாவா, புளிக் கொட்டையாய்யா?" நாகலிங்கம் அழுகிற குரலில் கத்தினார்.

டமார்!

இன்பமணி மூச்சை விட்டாள். ஒன்று. அடுத்தது? ட்டிக். ட்டிக். ட்டிக். ஒரே ஒரு வெடியை யார் மதிப்பார்கள்? எவனோ நரி விரட்டுகிறான் என்று நினைப்பார்கள்.

"அர்பாப்! புதுசு எதுவும் இல்லையா? சமீபத்துல வாங்கினது?"

மஹ்மூது, வயதை மறந்து, பிக்கப் வண்டியைப் பார்த்து ஓடினார். போன மாதம் லைசென்ஸ் புதுப்பித்தபோது ஒரு சின்னப் பாக்கெட்டுக்குத்தான் அனுமதி கிடைத்தது. இது எந்த மூலைக்கு என்று கோபத்தில் அதை வண்டி டாஷ்போர்டில் எறிந்துவிட்டு மறந்தே போயிருந்தார்.

டமார்.

இன்பமணி மனசுக்குள் ஒரு அருள்நிறை மரியே சொல்லி முடித்தாள்.

டமார்.

இன்னொரு அருள்நிறை மரியே.

டமார்.

மழை விட்டிருந்தது. வாதி இரைச்சல் மட்டும். அப்போது, வெகு தூரத்தில், ஒரு ஹாரன். நீளமாக, விடாமல், கல்யாண வீட்டு நாதஸ்வரம் மாதிரி. நாகலிங்கம் ஜன்னலுக்கு வெளியே நின்று குதித்தார். "கேட்டுருச்சு சிஸ்டர்! அவுங்களுக்குக் கேட்டுருச்சு!"

அந்தக் கரையில் நடந்ததைச் செல்வசிங் பின்னால் நூறு தடவை சொன்னான். கம்பெனி பஸ் காலையிலேயே அவனை வாதிக்கரையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. வீட்டுக்குப் போக வழியில்லாமல், ரோடு வேலைக்கு நின்ற, மண் அள்ளுகிற ஷவல் வண்டிக்குப் பக்கத்தில் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தான். ஷவல் ஓட்டுகிறவர் கௌஸ் முகம்மது, காயல்பட்டினத்துக்காரர். முதல் வெடி கேட்டதும் இராக் சண்டை இங்கே வந்துவிட்டது என்று நாலு பேர் வண்டிக்கடியில் படுத்துவிட்டார்கள். அப்புறம் மூன்று, நிதானமாக. ஊர்க் கிழவர் ஒருவர் எழுந்து, "மஹ்மூது வீட்டுல ஆபத்து" என்றார். செல்வசிங்குக்கு உடனே ஷம்சா ஞாபகம் வந்தது. கௌஸ் முகம்மது ஷவலின் ஹாரனை விடாமல் அழுத்த, இவன் ஹெல்த் சென்டருக்கு ஓடினான்.

வெள்ளம் முழங்காலுக்கு வடிந்ததும் கௌஸ் முகம்மது பிஸ்மி சொல்லி ஷவலை ஆற்றில் இறக்கினார். ஆள் உயரச் சக்கரம் கூழாங்கல்லை அரைத்துக்கொண்டு வந்தது. கேபினுக்குள் அவருக்குப் பின்னால் நர்ஸ் ஷியாமளா மருந்துப் பெட்டியை மார்போடு கட்டிக்கொண்டு கண்ணை இறுக்க மூடியிருந்தாள். ஏணிப்படியில் தொங்கியபடி செல்வசிங், "பையப் போங்க பாய், பையப் போங்க" என்று கத்திக்கொண்டே வந்தான்.

ஷியாமளா அறைக்குள் நுழைந்தபோது இன்பமணியின் இரண்டு தோள்களும் மரத்துப்போயிருந்தன. ரத்தம் பாதி குறைந்திருந்தது. ஊசி போட்டார்கள், ட்ரிப் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் கைக்கடியில் கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகி நின்றது. ஷம்சா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, "எனக்குப் பசிக்குது சிஸ்டர்" என்றாள்.

இன்பமணி வெளியே வந்தாள். மஹ்மூது வராந்தாப் படியில், காலைச் சுற்றிலும் வெடிக்காத தோட்டாக்கள் சிதறிக் கிடக்க, துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"கலாஸ் அர்பாப். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. உங்க மகளுக்குப் பசிக்குதாம்."

அவர் தலையிலிருந்த முண்டாசை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு எழுந்தார். பாக்கெட்டில் மிச்சமிருந்த புதுத் தோட்டாக்களை அள்ளினார்.

"சடசடன்னு கேட்டா கல்யாணம்" என்றார். சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்துச் சுட்டார், ஒன்றன்பின் ஒன்றாக, நிறுத்தாமல். அந்தக் கரையிலிருந்து கூச்சலும் கைதட்டலும் வந்தன. உள்ளே குழந்தை வீறிட்டது. "அர்பாப், போதும்! பிள்ளை பயப்படுது!" என்று இன்பமணி அதட்டியதும் அறுபது வயது மனிதர் திருட்டு முழி முழித்தபடி துப்பாக்கியை இறக்கினார்.

செல்வசிங் இடுப்பு வரை சேறாக நின்றான். இன்பமணி அவனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். ஆரம்பித்த சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"என்ன பிள்ளே சிரிக்க? உனக்க மாப்பிள்ளை ஆத்துல நீந்தி வந்திருக்கேன்."

"நீந்தினது ஷவல். நீங்க தொங்கினீங்க. ஷியாமளா சொல்லிட்டா."

பழைய பெட்டிகளையெல்லாம் மறு வாரமே மஹ்மூது போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்தார். ஷம்சாவையும் குழந்தையையும் ஆஸ்பத்திரியில் காட்டிக் கூட்டி வந்த பிறகு, ஏழாம் நாள் இரண்டு ஆடு அறுத்து விருந்து வைத்தார். இரண்டு கரை ஆட்களும் வந்தார்கள். நாகலிங்கம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தானே பெற்ற பிள்ளை மாதிரி வருகிறவர்களையெல்லாம் வரவேற்றார். ஷம்சாவின் புருஷன் சலாலாவிலிருந்து வந்து, யாரைப் பார்த்தாலும் கட்டிப்பிடித்தான்.

கௌஸ் முகம்மது மட்டும் பந்தலுக்கு வெளியே தயங்கி நின்றார். கையெல்லாம் கிரீஸ் கறை, எத்தனை கழுவியும் போகவில்லை என்றார். மஹ்மூது அவர் தோளில் கைபோட்டு உள்ளே இழுத்து வந்து நடுவில் உட்கார வைத்தார். இன்பமணி குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் கிடத்தினாள். அவ்வளவு பெரிய ஷவலை வெள்ளத்தில் இறக்கிய மனிதர், மூச்சைக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார். குழந்தை அவரை ஒரு கண்ணால் பார்த்தது, கொட்டாவி விட்டது, அவருடைய வெள்ளைக் கைலியை நன்றாக நனைத்தது.

பந்தல் சிரித்து ஓய வெகு நேரமாயிற்று. கௌஸ் முகம்மது அசையவே இல்லை. "இருக்கட்டும், இருக்கட்டும், பிள்ளையை எடுக்காதீங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.