ஐந்து மணி நேரம் இளசு

கடிதத்தில் மொத்தம் பதினோரு கேள்விகள். பத்துக்கு அவள் இரண்டே நாளில் பதில் எழுதிவிட்டாள். மூன்றாவது கேள்வி மட்டும் அப்படியே நின்றது: "நீங்கள் ஒப்பிட்ட இரண்டு கூட்டத்து ஒட்டுண்ணிகளும் ஒரே வயதுதான் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையைப் படித்துப் பார்த்த, முகம் தெரியாத ஒருவர் கேட்டது. பதிலுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. கட்டுரை ஏற்கப்பட்டால் அவளுக்கு முனைவர் பட்டம். இல்லாவிட்டால் எட்டாவது வருடம் முடிகிற இந்த மாதக் கடைசியோடு பதிவு ரத்து. இரண்டு முறை நீட்டித்துக் கொடுத்தாகிவிட்டது, மூன்றாவது முறை கிடையாது என்று துறையில் எழுத்திலேயே சொல்லியிருந்தார்கள்.

மலேரியா ஒட்டுண்ணி மனிதனின் சிவப்பணுவுக்குள் நாற்பத்தெட்டு மணி நேரம் குடித்தனம் நடத்துகிறது. முதலில் மெல்லிய வளையம், பிறகு தடித்த உருவம், கடைசியில் இருபது முப்பதாகப் பிளந்து, இருந்த வீட்டை உடைத்துக்கொண்டு வெளியேறும். அந்த இரண்டு நாளில் மணிக்கொரு மரபணுக் கூட்டம் விழிக்கிறது, இன்னொன்று உறங்குகிறது. விழித்த மரபணுவின் நகலாக ஆர்.என்.ஏ. இழை உருவாகும். அந்த இழைகளின் மேல் ஒரு நொதி அங்கங்கே பொட்டு வைப்பதுபோல ஒரு வேதிக் குறியை வைக்கிறது. அந்தக் குறி எதற்கு என்று கண்டுபிடிப்பதில்தான் அவளுடைய எட்டு வருடமும் போயிருந்தது. ஒரு மருந்தைக் கலந்தால் நொதியின் மரபணு அடங்கிவிடும்படியான ஒட்டுண்ணி வகையை உருவாக்கவே நான்கு வருடம் பிடித்தது. ஒட்டுண்ணி வளரும் குடுவைகளில், மருந்து கலந்த பிளாஸ்க்கையும் கலக்காத பிளாஸ்க்கையும் ஒப்பிட்டபோது, கலந்ததில் நூற்றுப் பதினேழு மரபணுக்கள் வாயடைத்துப் போயிருந்தன. குறி இல்லாவிட்டால் இவை பேசாது என்று எழுதினார்கள். கட்டுரையின் உயிர் அந்த நூற்றுப் பதினேழு.

இரண்டு பிளாஸ்க்கையும் ஒரே நிமிடத்தில் தொடங்கி, ஒரே நிமிடத்தில் எடுத்திருந்தாள். மாதிரிக் குழாயின் மூடியில் மணியை எழுதுவது அந்த ஆய்வுக்கூடத்தின் வழக்கம். ஒட்டுண்ணியின் வயதை யாரும் எழுதுவதில்லை. மணி தெரிந்தால் வயது தெரிந்தமாதிரிதானே என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

அவள் ஸ்லைடுக்காரரிடம் போனாள். இருபத்தாறு வருடமாக அங்கே மைக்ரோஸ்கோப்பில் ஒட்டுண்ணி எண்ணுகிறவர். துறைத் தலைவர்கூட அவரை அப்படித்தான் கூப்பிடுவார்.

"அண்ணே, மூணு வருஷத்துக்கு முந்தின ஸ்லைடு இருக்குமா?"

"ஸ்லைடெல்லாம் வருஷம் திரும்பினா குப்பைக்குப் போயிடும்மா. நோட்டு இருக்கு."

நீல அட்டை நோட்டு. தேதி, பிளாஸ்க் எண், நூற்றுக்கு எத்தனை அணுவில் ஒட்டுண்ணி, குறிப்பு என்று நான்கு பத்திகள். சதவீதங்களை அவள் அன்றே கணினியில் ஏற்றியிருந்தாள். குறிப்புப் பத்தியைப் பார்த்ததில்லை. கணினியில் அதற்குக் கட்டமே இல்லை. இப்போது பார்த்தாள். மருந்து கலந்த பிளாஸ்க்குக்கு நேரே சின்ன எழுத்தில்: 'இளசு. நாலஞ்சு மணி பின்னால.' அடுத்த வாரம் மறுபடி செய்த சோதனைக்கும் அதே. மூன்றாவது முறை அலுத்துப்போய் 'மேற்படி' என்று மட்டும் போட்டிருந்தார்.

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"சொல்றதுக்குத்தானம்மா எழுதறேன். குறிப்புன்னு ஒரு பத்தி அழகுக்கா இருக்கு?" அவர் கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். "நீ வந்து எத்தனை சதவீதம்னு கேட்ட, சொன்னேன். வயசு என்னன்னு கேக்கல. சம்பந்தம் பேசப் போறவங்க அதைத்தானே மொதல்ல கேப்பாங்க."

சிரிப்பாள் என்று நினைத்து நிமிர்ந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காரு. என்ன ஆச்சு?"

என்ன ஆயிற்று என்று உறுதியாகச் சொல்ல அவளுக்கு இரண்டு நாள் தேவைப்பட்டது. ஒட்டுண்ணியின் எந்த மணியில் எந்த மரபணு எவ்வளவு விழித்திருக்கும் என்ற அட்டவணையை வேறு ஆய்வுக்குழுக்கள் எப்போதோ வெளியிட்டிருக்கின்றன. அதோடு ஒப்பிட்டால் எந்த மாதிரிக்கும் வயது கணிக்கலாம். கணித்தாள். கலக்காத பிளாஸ்க்குக்கு வயது இருபத்தெட்டு மணி. கலந்ததற்கு இருபத்துமூன்று. பொட்டு வைக்கும் நொதியை அடக்கியதாலோ, மருந்தே சற்று விஷமாக இருந்ததாலோ, ஒட்டுண்ணி மெதுவாக வளர்ந்திருக்கிறது. அந்த ஐந்து மணி நேரத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி எண்ணினாள். நூற்றுப் பதினேழில் மிஞ்சியது ஒன்று.

அந்த ஒன்று, மருந்து கலந்து அவர்களே அடக்கிய நொதியின் மரபணு.

மற்ற நூற்றுப் பதினாறும் வாயடைத்துப் போகவில்லை. அவற்றின் நேரம் வந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

அவள் கணவன் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். காலையில் முதல் மாணவர் வருவதற்குள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கதை முழுவதையும் கேட்டான்.

"அதாவது, நாலாம் கிளாஸுக்கும் அஞ்சாம் கிளாஸுக்கும் ஒரே பரீட்சை வெச்சு, நாலாம் கிளாஸுக்கு மூளையே இல்லைன்னு எழுதிட்டீங்க."

"ஆமாங்க."

"நூத்துப் பதினேழு ஒண்ணாச்சு. கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதை."

"கட்டெறும்பாவது கடிக்கும். இது நானே அணைச்ச விளக்கு. அணைஞ்சிருக்குன்னு இப்ப கண்டுபிடிச்சிருக்கேன்."

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு. இப்ப உங்களுக்கு. ஸ்லைடுக்காரருக்கு அவர் என்ன எழுதினார்னு மட்டும் தெரியும்."

"அப்படின்னா..." என்று தொடங்கியவன் சட்டையைத் திருப்பிப் போட்டுக் காலரைத் தேய்க்க ஆரம்பித்தான். எட்டு வருடத்தில் அவனும் பாதிக் காலம் தனியாகச் சாப்பிட்டிருக்கிறான். ஒட்டுண்ணிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, ஒரு நாள் திரவம் மாற்றாவிட்டால் செத்துப்போகும் என்று அவளுடைய அக்கா கல்யாணத்திலிருந்தே பாதியில் எழுந்து வந்தவர்கள் அவர்கள்.

அவளுடைய வழிகாட்டியான பேராசிரியர், அவள் வயது கணித்த அட்டவணையை இரண்டு முறை படித்தார். அவர் ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இரண்டு பிளாஸ்க்கையும் ஒரே மணியில எடுத்தோமா இல்லையா?"

"எடுத்தோம் சார்."

"அதை எழுதும்மா. 'ஒரே நேரத்தில் சேகரிக்கப்பட்டன.' இதுல பொய் எங்க இருக்கு?"

"அவர் கேட்டது வயசு சார்."

"நாம சொல்றது நேரம். படிக்கிறவர் அவசரத்துல இருப்பார், சரின்னு விட்டுடுவார். நீ பட்டத்தை வாங்கு. அடுத்த பேப்பர்ல நாமளே திருத்திக்கலாம். இந்த நொதி வேலைக்காக என்னை நம்பி வந்தது நீ ஒருத்தி. உன்னை வெறுங்கையோட அனுப்பிட்டு நான் வீட்டுக்குப் போகவா?"

அவர் நல்லவர். அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்திருந்தால் எழுந்து வந்திருக்கலாம்.

அவள் இருக்கைக்குத் திரும்பி அந்த வரியை எழுதினாள். மூன்றே சொற்கள். ஒவ்வொரு சொல்லும் உண்மை. மதியம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாதக் கடைசிக்குப் பிறகு என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தாள். ஒட்டுண்ணி வளர்ப்பதைத் தவிர அவள் கைக்கு வேறு எதுவும் தெரியாது. மூன்று மணிக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்து மின்னஞ்சலைத் திறந்தாள்.

நான்கு நாளாகப் படிக்காமல் விட்ட கடிதங்களில் ஒன்று, வேறொரு நாட்டின் ஆய்வு மாணவி எழுதியது. அவர்கள் இணையத்தில் முன்கூட்டியே போட்டிருந்த வரைவைப் படித்துவிட்டு அதே சோதனையைத் தன் ஒட்டுண்ணியில் செய்திருக்கிறாள். "ஆறு முறை செய்துவிட்டேன். நொதியின் மரபணுவைத் தவிர உங்கள் நூற்றுப் பதினேழில் ஒன்றுகூட எனக்கு அடங்கவில்லை. நான் ஸ்லைடில் வயதைப் பார்த்துத்தான் மாதிரி எடுக்கிறேன். அது தவறா? என் கையில்தான் ஏதோ கோளாறு என்று என் வழிகாட்டி நினைக்கிறார். இப்போது நானும் அப்படித்தான் நினைக்கிறேன். நான் எங்கே தப்பு செய்கிறேன் என்று தயவுசெய்து சொல்லுங்கள்."

அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். குழாயை மூடிவிட்டு வந்தோமா என்று சந்தேகம் வந்து மறுபடி போனாள். பிறகு உட்கார்ந்து, வயது கணித்த அட்டவணையையும் நீல நோட்டின் மூன்று பக்கங்களின் படங்களையும் இணைத்து, கட்டுரையில் பெயருள்ள ஐந்து பேருக்கும் ஒரே கடிதமாக அனுப்பினாள். அதன் நகலை அந்த மாணவிக்கும். மேலே ஒரு வரி சேர்த்தாள்: "உங்கள் கையில் கோளாறு இல்லை. என் கணக்கில்தான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால்கூட சமைக்கிறவர் ஒருவராக இருக்க வேண்டும். ஆறு பேர் பார்த்துவிட்டால் முடியாது. அதற்காகத்தான் அப்படி அனுப்பினாள். தன்னை அவளே நம்பவில்லை.

மறுநாள் காலை பேராசிரியர் அவள் இருக்கைக்கே வந்தார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டேன் சார்."

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம் அன்றே அவர் பெயரில் போயிற்று. வியாழக்கிழமை துறையின் ஆய்வுக் குழு கூடியது. நீட்டிப்புக்காக அவர் வாதாடினார் என்று பிறகு கேள்விப்பட்டாள். மறுக்கும் தீர்மானம் இரண்டு வரியில் வந்தது.

மாதக் கடைசி நாள் வெப்பப் பெட்டியில் எட்டு பிளாஸ்க்குகள் இருந்தன. அவற்றுக்கு நாளை திரவம் மாற்ற ஆள் இல்லை. உறைநிலைப் பெட்டியில் வைத்தாலும் வெளியே எடுக்கப்போகிறவர் இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பிளீச் ஊற்றினாள். சிவப்பு, காவியாகி, சேற்று நிறமாகிப் பிறகு வெளுத்தது. வாடை கண்ணைக் கரித்தது.

ஸ்லைடுக்காரர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? மூணு தடவையும் அஞ்சு மணி நேரம்தானே பின்னால இருந்துச்சு. ஒரு தடவை ரெண்டு, ஒரு தடவை எட்டுன்னு இல்லையே. அந்தப் பொட்டு இல்லைன்னா அது ஏன் கரெக்டா அஞ்சு மணி நேரம் தாமதமாகுது?"

அவள் ஏழாவது பிளாஸ்க்கைக் கையில் வைத்திருந்தாள்.

"மருந்தாலகூட இருக்கலாம்ணே. நொதி அடங்காத சாதா வகைக்கும் அதே மருந்தைக் கொடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

"அதுக்கு எவ்வளவு நாளாகும்?"

"மூணு வாரம்."

அவள் பிளாஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்து, அடியில் படிந்திருந்த மெல்லிய சிவப்புப் படலத்தைப் பார்த்தாள். எட்டு வருடத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பதில் அதற்குள்தான் எங்கோ இருந்தது. பிளீச் பாட்டிலைச் சாய்த்தாள்.