எழுதாமல் விட்ட நீளம்

வெற்றுத் தோட்டாக்கூட்டின் கழுத்தை லேசாக நசுக்கி, அதில் குண்டைச் செருகித் துப்பாக்கிக்குள் தள்ளினாள் சிக்ரிட். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை மெதுவாக மூடினாள். அதைவிட மெதுவாகத் திறந்து, வெளியே வந்ததை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். குண்டு குழலுக்குள் முட்டி நின்ற நீளத்தை, காலிப்பர் அளவுகருவி 3.411 அங்குலம் என்று காட்டியது.

“இன்னும் அளந்துக்கிட்டேதான் இருக்கியா?” நிலவறைப் படியில் சித்தப்பா வெர்ன் நின்றார். துக்கத்துக்கென்று வாங்கிய சட்டை அவர் கழுத்தை நெரித்தது. கையில் பன்றியிறைச்சி வைத்த பன். “ரெண்டு மணிக்கு எல்லாரும் மேய்ச்சல் நிலத்துல இருக்கணும். பனி கொட்டப்போகுது.”

“கொட்டட்டும்.”

காலையில் அப்பாவைப் புதைத்தாகிவிட்டது. மணி மட்டும் பாக்கி. அந்தப் பள்ளத்தாக்கில் வேட்டைக்காரன் யார் செத்தாலும், அவன் துப்பாக்கியில், அவன் மேசையில் செய்த தோட்டாவைப் போட்டு, முந்நூறு கெஜத்துக்கு அப்பால் மண்மேட்டில் தொங்கும் இரும்புத் தட்டை மூன்று முறை அடிப்பார்கள். கடைத் தோட்டா கூடாது. பக்கத்துப் பண்ணை டெல்மரின் அண்ணனுக்கு ஒரு அடிதான் விழுந்தது, இரண்டு தவறிவிட்டன. பதினொரு வருஷமாகியும் மதுக்கடையில் அந்த மனிதருக்கு ‘ஒத்தை மணி’ என்றுதான் பெயர்.

அப்பா ஹார்லன் போன செவ்வாய்க்கிழமை மாட்டுக் கொட்டகையில் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தபடியே போய்விட்டார். கையிலிருந்த காப்பி ஒரு சொட்டுச் சிந்தவில்லை என்று டெல்மர் வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் மேசையில் தோட்டா ஒன்றுகூட இல்லை. பழைய குண்டில் கடைசியை அக்டோபரில் ஒரு எல்க் மானுக்குச் செலவழித்திருந்தார். புதுப் பெட்டிக் குண்டு வேறு மாதிரி, மூக்கு கூர். அவருடைய தோட்டாக் கணக்கு நோட்டில் அதற்கென ஒரு பக்கம் இருந்தது. வெடிமருந்தின் எடை எழுதியிருந்தது. ‘நீளம்’ என்று எழுதி, பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

“தோட்டா செய்யுற புத்தகத்துல 3.340ன்னு போட்டிருக்கு. அதையே வெச்சு அடிச்சு எடேன்” என்றார் வெர்ன், வாயில் பன்னோடு.

“புத்தகம் ஊர்ல இருக்கிற எல்லாத் துப்பாக்கிக்கும் சொல்லுது, சித்தப்பா. இந்தக் குழல் நாப்பது வருஷம் சுட்டுச் சுட்டுத் தேஞ்சு கிடக்கு. குண்டைச் சுழல வைக்கிற உள்வரி ஆரம்பிக்கிற இடமே தள்ளிப் போயிருச்சு. குண்டு அது வரைக்கும் காத்துல குதிச்சுப் போனா எங்க போய் விழும்னு யாருக்குத் தெரியும்?”

“அம்மாடி. புரொஃபசர் பேசறாங்க.”

அவளுக்குச் சுருக்கென்றது. குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. பட்டமளிப்புக்கு அப்பா வரவில்லை, கன்று போடும் காலமாம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை அளந்துதான் அவள் சம்பளம் வாங்குகிறாள். ஆனாலும் இந்த மேசையை அவர் தொட விட்டதில்லை. படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். சுடக் கற்றுத்தந்ததுகூட அம்மாதான். செத்த பிறகு மட்டும் மேசை கிடைக்கிறது. ரொம்ப நன்றி.

மறுபடி தள்ளி, மூடி, திறந்து, அளந்தாள். 3.413. இன்னொரு தடவை. 3.412.

அம்மா லோயிஸ் உருளைக்கிழங்குத் தட்டோடு இறங்கி வந்தாள். “சாப்பிட்டுட்டு அள. செத்தவருக்கு இப்ப என்ன அவசரம்?”

“எல்லாத்தையும் எழுதுவாரே. இதை மட்டும் ஏன் விட்டார்?”

“நீ வந்து அளக்கணும்னுதான். லீவுக்கு வருவேல்ல.” அம்மா தட்டைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள். “அளவுகருவியில இருக்கிற சின்னக் கோடெல்லாம் ரெண்டு வருஷமா அவருக்குக் கண்ணு தெரியல. வெர்ன் காதுல விழுந்தா ஊரே சிரிக்கும், சொல்லாதேன்னார். உங்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு ஒரு மாசமா என்னைப் போட்டு அறுத்துட்டார்.”

“காது இங்கதான் இருக்கு” என்றார் வெர்ன்.

“இப்பச் சிரி. அவர்தான் இல்லியே.”

சிக்ரிட் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் இருந்ததே, கேட்டிருக்கலாமே, மடையன் மனுஷன். தட்டை ஓரமாக நகர்த்தினாள். குண்டு உள்வரியைத் தொடாமல் அதற்குச் சற்று முன்னே நிற்க, 3.412இல் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கைக் கழித்து 3.392 என்று எழுதினாள்.

நான்கு தோட்டாக்கள் செய்தாள். மணியடிக்க மூன்று. இந்தக் குண்டு இந்தக் குழலிலிருந்து எங்கே போகிறது என்று முதலில் பார்க்க ஒன்று. நான்கும் துப்பாக்கியில் தோட்டா அடுக்கும் மேகஸினுக்குள் அடங்காத நீளம். ஒவ்வொன்றாகக் கையால்தான் போட்டாக வேண்டும்.

மேய்ச்சல் நிலத்தில் முப்பது பேர் நின்றார்கள். பாதிரியார் கோட்டோடு வேட்டைக்காரரின் ஆரஞ்சுத் தொப்பியும் போட்டிருந்தார். மது பிளாஸ்க்குகள் கைமாறின. சுடுவது வெர்ன், தம்பிதானே சுடுவது வழக்கம். வாயில் சிகரெட்டோடு அவர் வண்டியைத் திறந்து தன் புதுத் துப்பாக்கியை எடுத்து வந்தார்.

“அண்ணன் துப்பாக்கியில தூரக்கண்ணாடி புகைஞ்சு போச்சு. முதல்ல இதுல ஒண்ணு போட்டுப் பாக்கறேன். ரெண்டும் ஒரே ரகம்தான்.”

“சித்தப்பா, வேணாம். அது அப்பா குழலுக்கு அளந்த நீளம். உங்களுது புதுக் குழல், உள்வரியில போய் முட்டும்.”

“தோட்டான்னா தோட்டாதான்டி.”

முதல் தோட்டாவை உள்ளே போட்டார். போல்ட் பாதியில் நின்றது. உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார், இன்னும் கொஞ்சம் போய் நின்றது. “சுட்டுறாதீங்க!” என்று சிக்ரிட் கத்தினாள். வெர்ன் பயந்துபோய் போல்ட்டை வெடுக்கென்று பின்னால் இழுத்தார். குண்டு குழலிலேயே மாட்டிக்கொண்டது. வெறும் கூடு மட்டும் வந்தது. அதிலிருந்த மருந்து முழுக்கத் துப்பாக்கிக்குள்ளும், கையுறையிலும், புதுச் சட்டையின் மடிப்பிலும் மிளகுத்தூள் மாதிரி கொட்டியது.

டெல்மர்தான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார், மற்றவர்களாலும் அடக்க முடியவில்லை. பாதிரியார் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார்.

“ஹார்லன் போயும் உன்னை விடலைடா!” டெல்மர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அந்தச் சிகரெட்டைக் கீழ போடு, இல்ல நீயும் அண்ணன்கூடவே போயிருவ.”

சிக்ரிட் சிரிக்கவில்லை. மிச்சம் மூன்று. சோதித்துப் பார்க்க ஒன்றுமில்லை. அவள் கணக்கில் எங்கேயாவது ஒரு பிசகு இருந்தால் அப்பாவும் ஒத்தை மணிதான். அந்த நீளத்தை எழுதியது அவள் கை.

“வெர்ன், தள்ளி நில்லு” என்றாள் அம்மா. “சிக்ரிட், படு.”

தீவனச் சாக்கின்மேல் குப்புறப் படுத்தாள். வெர்ன் சட்டையை உதறியபடியே வந்து பக்கத்தில் குந்தினார். “காத்து இடப்பக்கத்துலேர்ந்து வருது” என்றார். அதைக் கிண்டலில்லாமல் சொன்னார். தூரக்கண்ணாடி உண்மையிலேயே மங்கல்தான். ஒரு தோட்டாவை விரலால் உள்ளே தள்ளினாள். போல்ட் எங்கேயும் உரசாமல் மூடிக்கொண்டது.

சுட்டாள். மேட்டிலிருந்து ணங் என்று வந்தது. பின்னால் யாரோ விசிலடித்தார்கள்.

இரண்டாவது. ணங். “குழந்தை அளந்தாடா! நம்ம சிக்ரிட் அளந்தா!” என்று டெல்மர் யாரையோ முதுகில் அறைவது கேட்டது.

மூன்றாவதுக்குக் காத்திருந்தாள். காற்று தணியும்வரை, பிறகு அது திரும்ப எழுந்து மறுபடி தணியும்வரை. பனி விழ ஆரம்பித்திருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

சுட்டாள். சத்தம் மேட்டில் மோதி, மலையில் மோதி, பள்ளத்தாக்கு முழுக்கப் போய்வந்தது. தட்டு சங்கிலியில் ஆடிக்கொண்டே ஒலித்தது. ஆட்கள் கத்தினார்கள், பிளாஸ்க்கைத் திறந்தார்கள், வெர்ன் அவள் காலணியைப் பிடித்து ஆட்டினார். அவள் எழவில்லை. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வைத்தபடியே படுத்திருந்தாள். அந்த ஒலி முழுசாக அடங்கும்வரை போல்ட்டைத் திறக்கவில்லை.