ஒரு சைஸ் பெரிய காபரேற்றர்

கார் நடுரோட்டில் நின்றுபோனதில் எனக்குப் பெரிய கவலை ஒன்றும் இல்லை. நாற்பது வயதான அமெரிக்கக் கார், அது நிற்கத்தான் செய்யும். இவர் அதை ஓரங்கட்டிவிட்டு நோர்வேயில் அம்மருட் என்ற இடத்தில் இருக்கிற எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு நடந்து வந்து, ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல், சோபாவில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாரே, அதுதான் எனக்குக் கவலை.

அந்தச் சோபாவை எனக்கு நன்றாகத் தெரியும். பண்டகசாலையில் பெட்டி தூக்கி முதுகு பிடித்துப்போய், வேலைக்குப் போகாமல் சிக்மெல்ட் என்கிற சுகயீன விடுப்பில் இருந்த காலம் முழுக்க என் மனுசன் ஞானரட்ணம் அதில்தான் கிடந்தார். முதுகு எப்போதோ சுகமாகிவிட்டது, மனுசன்தான் எழும்பவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், திரும்பப் போய்ப் படுப்பார். பேர்கனில் படிக்கிற மகள் ஆரணி தொலைபேசி எடுத்தால், "அம்மாட்டைக் குடுக்கிறன்" என்பதோடு சரி. நான் பாலர் பள்ளியில் நாள் முழுக்க இருபது பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்டுவிட்டு வருகிறவள். வீட்டுக்கு வந்தால் காது கொஞ்சம் ஓயட்டும் என்று நினைக்க வேண்டியவள், அந்த அமைதிக்குப் பயந்து வானொலியைப் போட்டுவிட்டுச் சமைப்பேன்.

பிறகுதான் இந்தக் காரை வாங்கினார். யாரோ ஒரு நோர்வேக்காரரின் கொட்டிலில் தூசி பிடித்துக் கிடந்தது. சோற்றுக்கே கணக்குப் பார்க்கிற வீட்டுக்கு இப்படியொரு வெள்ளை யானையா என்று நான் போட்ட சத்தம் பத்தாவது மாடி வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் மனுசன் கதைக்கத் தொடங்கிவிட்டது! எஞ்சினைப் பற்றித்தான் கதை. எட்டுச் சிலிண்டர் எஞ்சின்களில் இது சின்னது என்பார், ஆனால் என்ன சத்தம் தெரியுமா என்பார். எனக்கு அதில் அரைவாசி விளங்காது. ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு இன்னொரு அகப்பை சோறு போடுவேன், இன்னும் கொஞ்சம் கதைப்பார்.

கார்ச் செய்தி நகரின் மற்றப் பக்கம் ஹவுகெட்டோ வரைக்கும் பரவி, அங்கே இருக்கிற எங்கள் சிநேகிதி விமலாதேவி வீடு தேடி வந்தா. அவவின் மகள் அபிஷாவுக்குக் கலியாணம்.

"ரட்ணம் அண்ணை, எங்கடை பிள்ளை உங்கடை காரிலைதான் மண்டபத்துக்கு வந்து இறங்கவேணும்."

அவ சொல்லி முடிக்க முந்தி இவர் ஓம் என்றுவிட்டார். அவ்வளவு சந்தோசம்.

வில்லங்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற காபரேற்றர் தேய்ந்து, எஞ்சின் இருமத் தொடங்கியது. நாலு துளை வைத்த காபரேற்றர் ஒன்று போடலாம் என்றார். சும்மா ஓடும்போது இரண்டு துளை வேலை செய்யுமாம், அமத்தி மிதித்தால் மற்ற இரண்டும் திறக்குமாம். விளம்பரம் பார்த்து, பழசிலேயே பெரியதொன்றை மலிவாக வாங்கி வந்தார். "எடுக்கிறதை எடுக்கிறம், கொஞ்சம் பெரிசா எடுத்தா பிறகு உதவும்" என்றார். அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சப்பாத்து, சட்டை, சோற்றுப் பானை எதுவானாலும் எங்கள் ஆட்கள் ஒரு சைஸ் கூட எடுக்காமல் கடையை விட்டு வெளிக்கிட்டதில்லையே.

அதைப் பூட்டிய நாளிலிருந்து கார் கரும்புகை கக்கியது. பெருந்தெருவில் பறக்கும், சிவப்பு விளக்கில் நிறுத்தினால் செத்துப்போகும். கலியாணத்துக்கு ஒரு கிழமைகூட இல்லை. அன்றைக்குத்தான் இவர் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தார்.

"வித்துப்போடுவம்," என்றார் சுவருக்கு. "வேறை கார் பாக்கச் சொல்லி விமலாவுக்கு நீர் சொல்லும்."

இந்த வார்த்தையைக் கேட்க நான் ஒரு வருசமாகத் தவம் கிடந்தவள். கேட்டதும் சந்தோசம் வரவில்லை. கார் போனால் போகட்டும், அதோடு இந்த மனுசனும் திரும்பப் போய்விடுமே!

கோடையில் புதன்கிழமைகளில் எக்கபேர்க் திடலில் பழைய அமெரிக்கக் கார்க்காரர் கூடுவார்கள், பழைய சாமானும் விற்பார்கள். பெரிய காபரேற்றரைக் கழற்றித் தரச்சொல்லி இவரை அரித்தேன். கழற்றித் தந்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்தார். நான் அதைத் துவாயில் சுற்றிக் கடைப் பைக்குள் வைத்தேன்.

"வாங்கோப்பா, போய் இதை மாத்திக்கொண்டு வருவம்."

"நான் வரேல்லை."

"அப்ப நான் தனியப் போறன். எவனாவது இரும்புச் சட்டியைக் காட்டி இதுதான் காபரேற்றர் எண்டாலும் வாங்கிக்கொண்டு வருவன், பிறகு என்னைப் பேசக்கூடாது."

எழும்பிவிட்டார். இரும்புச் சட்டிக்குப் பயந்துதான் எழும்பினார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

திடலில் கிரேத்த என்றொரு பெண், காரின் பின்பெட்டியைத் திறந்து சாமான் பரப்பிக்கொண்டிருந்தா. அறுபது வயது இருக்கும், கையெல்லாம் எண்ணெய். எஞ்சின் என்ன அளவு என்று கேட்டா. பிறகு, எப்படி ஓட்டுவீர்கள் என்று கேட்டா. இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெருந்தெரு, வேகம் என்று தொடங்க, நான் இடையில் புகுந்தேன். மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு ஊர்வலம்போல மெதுவாகப் போக வேண்டும், அவ்வளவுதான் என்று நோர்வேஜிய மொழியில் போட்டு உடைத்தேன்.

கிரேத்த சிரித்துக்கொண்டு ஒரு சின்னக் காபரேற்றரை எடுத்து முன்னால் வைத்தா. இதற்கும் நாலு துளைதான், ஆனால் சின்னத் துளைகள். சின்ன எஞ்சின் இழுக்கிற காற்று கொஞ்சம், பெரிய துளையால் போனால் அது சோம்பி, பெற்றோலைச் சரியாக இழுத்து வராது, அதுதான் மெதுவாகப் போகும்போது திணறுகிறது என்று விளங்கப்படுத்தினா.

இவருக்கு முகம் விழுந்துவிட்டது. "இது சின்னன் இராசமணி," என்றார் என்னிடம் தமிழில். "ஆக்கள் கேட்டா என்ன சொல்லுறது?"

எனக்கு என் பாலர் பள்ளி முற்றம்தான் கண்ணில் வந்தது. பனிக்காலத்தில் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளை எட்ட நின்றே கண்டுபிடித்துவிடலாம். வருகிற வருசத்துக்கும் உதவும் என்று இரண்டு சைஸ் கூட எடுத்த பனியுடுப்பு. காற்சட்டை காலுக்குக் கீழே மடங்கி, பிள்ளை இரண்டு அடி வைக்கும், தொப்பென்று விழும். எத்தனை பிள்ளைகளை நான் தூக்கி நிறுத்தியிருப்பேன்!

"பிள்ளை வளரும் எண்டு பெரிசா எடுக்கிறம், சரி. எஞ்சின் வளருமோப்பா?"

இவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். உதடு துடித்தது. கோபமாக்கும் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! கிரேத்த என்ன என்று கேட்க, நான் சொல்ல, அவவும் விழுந்து விழுந்து சிரித்தா. தன் தம்பியின் பெரிய எஞ்சினுக்கு ஆகும் என்று எங்கள் பெரியதை எடுத்துக்கொண்டு, சின்னதைப் பதிலுக்குத் தந்துவிட்டா.

அடுத்த இரண்டு நாளும் இவர் காரின் மூடிக்குக் கீழேதான் குடியிருந்தார். பூட்டினார், திருகாணியைக் கால்வாசி திருப்பிச் சத்தத்தைக் கேட்டார், திரும்பக் கால்வாசி திருப்பினார். புகை நின்றது. சத்தம் சீரானது. ஆனாலும் சிவப்பு விளக்கில் பார்த்தால்தான் தெரியும் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஹவுகெட்டோவில் சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசித்து வெளிக்கிட்டோம். பின்னால் அபிஷா பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக, பக்கத்தில் விமலாதேவி. முன்னால் நான், எனக்கு வேறு யாரையும் அங்கே விட மனமில்லை. ரியென் பக்கம் வர விளக்கு சிவப்பாக மாறியது. கார் நின்றது. நான் கண்ணை மூடிப் பிள்ளையாரைக் கூப்பிட்டேன்.

பின்னால் ஒரு ஹோர்ன். பிறகு இன்னொன்று. கண்ணைத் திறந்தால் விளக்குப் பச்சை, நாங்கள் அசையவில்லை. எல்லாம் முடிந்தது என்று உயிரே போய்விட்டது. முன்பலகையில் கையை ஊன்றினேன். அது என் உள்ளங்கைக்குள் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது!

திரும்பிப் பார்த்தேன். இவர் கண்ணாடியை இறக்கி, பட்டு வேட்டி சால்வையோடு அரைவாசி உடம்பை வெளியே நீட்டி, பக்கத்தில் கார் நிறுத்தி ஏதோ கேட்ட நோர்வேக்காரருக்கு எஞ்சினைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"மாமா, பச்சை விழுந்திட்டுது!" என்றாள் அபிஷா.

"இஞ்சேருங்கோ அண்ணை, நல்ல நேரம் போகுது!" என்றா விமலாதேவி.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முன்பலகையிலிருந்து நான் கையை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன்கள் கூடிக்கொண்டிருந்தன. இவர் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, காற்றில் ஒரு சின்ன அளவு பிடித்து, அந்த மனிதருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். இவ்வளவுதான், இவ்வளவுதான் என்று.